பட்டப்பகலில் எரிந்த இரண்டு விளக்குகள்

நோர்வேக்கு வந்து சேர்ந்த மறுநாட் காலையில் நான் கண்ட முதற் காட்சி ஒரு மாபெரும் செத்தவீட்டு ஊர்வலம். அகதி முகாமிலிருந்து எங்களைப் பதிவு செய்வதற்காகப் பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். கோடை வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. எதிரே ஒரு கார் முன்விளக்குகள் இரண்டும் எரிய வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு ஒரு லொறி, பிறகு ஒரு தபால் வண்டி, எல்லாவற்றிலும் விளக்கு. யாரோ பெரிய மனிதர் போய்விட்டார் என்று நினைத்து, முகாமில் தந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு வருடம் முன்னால் வந்திருந்த சிவபாலன் பக்கத்தில் இருந்தார். "என்ன, தொப்பியைக் கழட்டிப்போட்டுக் கும்பிடுறீர்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பஸ் ஓட்டியவர் திரும்பிப் பார்த்தார். இந்த நாட்டில் பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் வாகனம் ஓட்ட வேண்டுமாம், சட்டமாம். அன்றிலிருந்து முகாமில் எனக்குச் 'செத்தவீட்டுக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என் பிழை விளங்கும். இங்கே பிறந்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் நாட்டில் பிரேதம் ஏற்றிய வாகனந்தான் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்லப் போகும். அதைக் கண்டால் எதிரே வருகிறவன் ஓரங்கட்டுவான். சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான். கடைக்காரர் ரேடியோவைக் குறைப்பார். செத்தது எந்த இனம், எந்தச் சமயம் என்று யாரும் கேட்பதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் அதைக் கேட்டுத்தானே இத்தனை வருடம் அடிபட்டோம், இந்த ஒன்றுக்கு மட்டும் கேட்கவில்லை. எனக்கு அந்த விளக்குகளோடு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. அதைச் சிவபாலனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அப்படிச் சிரித்திருக்கமாட்டார்.

சென்ற மாதம் என் பழைய காரை வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். இங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அது கட்டாயம். பிரேக் சரி, டயர் சரி, முன்விளக்கில் பிடித்துவிட்டார்கள். விளக்கை மூடியிருக்கும் பிளாஸ்டிக் வெயிலும் உப்பும் பட்டு மஞ்சளாகி, முதியவர்களின் கண்ணில் படலம் விழுவதுபோல மங்கிப்போயிருந்தது. பரிசோதகர் இளைஞர், நல்ல பொறுமைசாலி. "எனக்கு வீதி தெரிகிறதே," என்றேன். "இந்த விளக்கு நீ பார்ப்பதற்கு மட்டுமில்லை, மற்றவர்கள் உன்னைப் பார்ப்பதற்கு," என்றார் அவர். மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் விட்டதால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று என் அரைகுறை நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவர் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, அப்படி விளக்கில்லாமல் ஓட்டுவது மிகவும் ஆபத்து, இனிச் செய்யாதே என்று புத்தி சொன்னார். இரண்டு மாதத் தவணை தந்தார். புது விளக்குச் சோடியின் விலையைக் கேட்டேன். கேட்டதோடு சரி, நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளான வோட்டர் பேப்பரும் மினுக்குகிற பசையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாங்கியவை கராஜ் தட்டில் கிடந்தன. நாளைக்கு நாளைக்கு என்று நாட்கள் போயின.

ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் கண்டியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் ஹனிபா நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அலவத்துகொடவிலிருந்து கண்டிச் சந்தைக்கு வாழைக்குலையும் மரக்கறியும் ஏற்றி வருகிறவர். சந்தைப் பக்கம் வண்டி நிறுத்த இடமில்லாதபடியால், என் சின்ன வயதிலிருந்தே அவருடைய வேன் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நிற்கும். அப்பா அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் 'ஐயா' என்றும் 'ஹனிபா' என்றும் கூப்பிட்டுக்கொண்டு முப்பது வருடம் தேத்தண்ணி குடித்தவர்கள்.

"தம்பி, நான் ஹனிபா. ஐயா நம்மள விட்டுட்டுப் போய்ட்டார். நேத்து அந்தியில. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறோம். கொள்ளி வைக்க ஒங்கட பெரியப்பாட மகன் வாறார். அம்மா இங்கதான் ஈக்காங்க, பேச ஏலாம ஈக்காங்க."

பிறகு அவரே தொடர்ந்தார். "ஐயா போன கெழம ஒரு வேல செல்லித் தந்தார். வேன்ட லைட்டு மங்கிப் போய் ஈக்கி, அத மினுக்கி வை ஹனிபான்னார். பகல்ல தெரியணும், ரொம்பத் தூரத்துக்குத் தெரியணும்னார். காய்ச்சல்ல பேசுறார்னு நெனச்சேன். இப்பதான் எனக்கு வெளங்குது."

எனக்கு உடனே விளங்கியது. என்னிடம் இருக்கும் அகதிப் பயணப் பத்திரத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம் என்று எழுதி, அதன் கீழே 'இலங்கை தவிர' என்று அச்சடித்திருக்கிறது. ஒரு அப்பாவுக்கு ஒரே மகன். கொள்ளி வைப்பதற்கு மட்டும் பெரியப்பாவின் மகன்.

மறுநாள் சனிக்கிழமை. கண்டியில் மூன்று மணியென்றால் இங்கே காலை பதினொன்றரை. வீட்டுக்குள் இருந்தால் மணிக்கூட்டைப் பார்த்தே பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து, ஒன்பது மணிக்குக் காரை வெளியே எடுத்து வாளித் தண்ணீரோடு முன்விளக்குக்கு முன்னால் குந்தினேன். பெயின்ட் உரசாமல் இருக்க விளக்கைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டினேன். முரட்டு வோட்டர் பேப்பரை நனைத்து ஒரே திசையில் இழுத்துத் தேய்க்கத் தேய்க்கப் பால்போல ஒரு மஞ்சள் தண்ணீர் வடிந்தது. இந்த வேலையில் ஒரு கொடுமை இருக்கிறது. தேய்க்கத் தொடங்கும்போது விளக்கு முன்னைவிட மோசமாகிவிடும். முழுக்க வெளிறிப்போய், கெடுத்துவிட்டோமே என்று தோன்றும். விடாமல் மென்மையான தாள், அதைவிட மென்மையான தாள் என்று மாற்றிக்கொண்டு போனால்தான் தெளியும். எனக்கு இதற்கு முன்னரும் ஒருமுறை விளக்கு மினுக்கிய அனுபவம் உண்டு. அன்று பக்கத்தில் குந்தியிருந்தவர் அப்பா.

எண்பத்து மூன்று ஆடி மாதம், தமிழருக்கு எதிரான கலவரம். கண்டி நகரத்தின் பக்கம் மூன்று இடங்களில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. சந்தைக்கு வந்த ஹனிபா நானா ஊரடங்கில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். எங்கள் ஒழுங்கையின் முகப்பில் இருந்த தமிழ் வீடு முதல்நாள் எரிந்துவிட்டது. அடுத்தது எங்களுடையது என்று பால்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மறுநாட் காலை இரண்டு மணித்தியாலம் ஊரடங்கைத் தளர்த்தப் போவதாக ரேடியோவில் சொன்னார்கள். அலவத்துகொடவுக்குப் போய்விட்டால் ஹனிபா நானா வீட்டில் ஒளிந்துகொள்ளலாம். பத்து மைல் தூரமுமில்லை. ஆனால் கட்டுகாஸ்தோட்டைப் பாலத்தில் ஆட்கள் தடி பொல்லுகளோடு நின்று, வருகிற வாகனத்தையெல்லாம் மறித்துத் தமிழர் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரேதம் ஏற்றிய வண்டியை மறிக்கமாட்டார்கள் என்று சொன்னவன் நான்தான். எனக்கு அப்போது இருபது வயது. "என்னை வெள்ளைத் துணியால மூடிக் கிடத்துங்கோ. லைட்டைப் போட்டுக்கொண்டு போவம்," என்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, கச்சேரியில் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"பிள்ளையைக் கிடத்தேலாது. நான் கிடக்கிறன். அப்பன் செத்து மகன் அழுறதுதான் முறை."

ஆஸ்பத்திரியில் மவுத்தான ஒருவரை அலவத்துகொடவுக்குக் கொண்டு போவதாகப் பாலத்தில் சொல்ல வேண்டியவர் ஹனிபா நானா. ஐந்து நேரமும் தொழுகிறவர். "பொய்யா ஜனாஸா ஏத்துறது பெரிய பாவம் ஐயா," என்றார். பிறகு, "மனுசன் எரியிறதப் பாத்துக்கிட்டு ஈக்கிறதும் பாவந்தானே. ரப்பு மன்னிப்பான்," என்று எழும்பி வேனைப் பார்க்கப் போனார். போனவர் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பி வந்தார். இரவில் ஓடாத வேன் அது. விளக்கைப் போட்டால் பகலில் எரிகிறதா இல்லையா என்று கிட்டப்போய்க் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

நானும் அப்பாவும் முற்றத்தில் குந்தினோம். அந்தக் காலத்து விளக்கு, முன்னால் கண்ணாடி, பின்னால் வெள்ளி பூசிய கிண்ணம். வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் கிண்ணத்தில் வெள்ளியே இல்லை, முழுக்கத் துரு. கண்ணாடியை நான் சாம்பலும் பற்பொடியும் போட்டுத் துலக்கினேன். கிண்ணத்துக்கு என்ன செய்வதென்று ஹனிபா நானா கையைப் பிசைந்தார். அப்பா உள்ளே போய், அம்மா பழைய பாத்திரங்கள் போட்டு வைத்திருந்த தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்தார். அந்தப் பெட்டிகளின் உட்பக்கத்தில் தேயிலை நமுத்துப் போகாமல் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழியாமல் உரித்து, கத்தரிக்கோலால் இதழ் இதழாக நறுக்கி, மாப்பசை தடவிக் கிண்ணத்துக்குள் ஒவ்வொன்றாக ஒட்டினார். கரண்டியின் முதுகால் சுருக்கத்தை நீவினார். தன் சாவுக்கான விளக்கை ஒரு மனிதர் இவ்வளவு சுத்தமாகச் செய்து நான் பார்த்ததில்லை. இடது பக்கத்து விளக்கில் ஓர் இதழ் கோணலாகிவிட்டதென்று உரித்து மறுபடி ஒட்டினார். "நேரம் போகுது அப்பா," என்றேன். "இரண்டும் ஒருமாதிரி எரியவேணுமடா. ஒண்டு மங்கலெண்டால் பழுதான வண்டி எண்டு நினைப்பாங்கள்," என்றார்.

விளக்கைப் போட்டதும் வெயிலிலும் இரண்டும் பளிச்சென்று எரிந்தன. ஹனிபா நானா வீதி முனைவரை ஓடிப்போய் நின்று பார்த்து, தெரிகிறதென்று கையைக் காட்டினார். பிறகுதான் மற்ற வேலை. அப்பா நெற்றியில் இருந்த திருநீற்றைத் தானே துடைத்தார். அம்மா பொட்டை அழிக்க வேண்டும். அவருடைய கை நெற்றிவரை போய்ப் போய்த் திரும்பியது. "அழியும். அங்க போய்த் திரும்ப வையும்," என்றார் அப்பா. புருஷன் கண் முன்னாலேயே அம்மா தன் பொட்டை அழித்து, முஸ்லிம் பெண்களைப்போலச் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டார். அம்மாவின் அந்த முகத்தை நான் மறக்க முயன்று தோற்றுவிட்டேன்.

வேன் நடை வேகத்தில் போனது. மஹியாவை மயானத்தைக் கடந்தபோது துணிக்குள்ளிருந்து அப்பா மெதுவாக, "இடம் வந்திட்டுதோ?" என்று கேட்டார். அம்மாவும் நானும் சிரிக்கவில்லை. பாலத்தில் பொல்லுகளோடு நின்றவர்கள் விளக்கைத் தூரத்திலேயே கண்டு இரண்டாகப் பிரிந்தார்கள். ஒருவன் மட்டும் கிட்ட வந்து, யார் இறந்தது என்று சிங்களத்தில் கேட்டான். தன்னுடைய வாப்பா என்று சிங்களத்திலேயே பதில் சொன்னார் ஹனிபா நானா. அவன் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். அந்த நேரத்தில் அப்பாவின் மூக்கின் மேல் துணி உள்ளே இழுபட்டு வெளியே வருவதை நான் கண்டேன். அதை மறைக்க அப்பாவின் முகத்தின் மேல் கவிழ்ந்து விழுந்து அழுதேன். நடிப்பென்று தொடங்கிய அழுகை எந்த இடத்தில் மாறியதென்று தெரியவில்லை. வாப்பா என்று அழ வேண்டிய இடத்தில் அப்பா, அப்பா என்றுகூடக் கத்தியிருப்பேன், நல்லகாலம் வாய் துணிக்குள் அமிழ்ந்திருந்தது. அவன் வேனின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். வேன் நகர்ந்தது. அலவத்துகொட வந்து சேரும்வரை என்னால் அழுகையை நிறுத்த முடியவில்லை.

அங்கே இறங்கியதும் அப்பா முதலில் கேட்டது குளிக்கத் தண்ணீர். குளித்துவிட்டு வந்து, இரண்டு நாட்கள் யாரோடும் பேசவில்லை. நான் அவரைப் பிரேதமாக்கிவிட்டேன் என்று மனதில் வைத்திருக்கிறார் என்றுதான் பல வருடமாக நினைத்தேன். நாங்கள் திரும்பவும் கண்டிக்கு வந்தோம், வீடு தப்பியிருந்தது. அப்பா வேலைக்குப் போனார், ஓய்வு பெற்றார். தொண்ணூறுகளின் கடைசியில் கண்டியிலும் சோதனைகளும் கைதுகளும் கூடி, நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். அந்த நாளைப் பற்றி அப்பா என்னோடு ஒருபோதும் பேசியதில்லை. போன மாதம் பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் பேசினார். எப்படியாவது வந்துவிடுகிறேன் என்று நான் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நீ வரவேண்டாம்," என்றார். "எனக்கு அழவேண்டியதை நீ அண்டைக்கே அழுதிட்டாய். பிள்ளை அழுறதை ஆருக்குத்தான் கேக்கக் கிடைச்சது? நான் படுத்திருந்து வடிவாக் கேட்டனான். எனக்கு அது காணும்."

இங்கே, பக்கத்து வீட்டு ஊலா என்னும் கிழவர் வேலிக்கு அப்பால் வந்து நின்றார். நான் தேய்ப்பதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். "என் அப்பா இறந்துவிட்டார். அதனால் விளக்கைத் துடைக்கிறேன்," என்றேன். "விளக்குச் சரியில்லாமல் விபத்தா?" என்றார். ஆம் என்று தலையாட்டினேன், வேறெப்படி விளங்கப்படுத்துவது? ஊலா போய், தன்னுடைய மினுக்குகிற மெஷினையும் நீட்டு வயரையும் கொண்டுவந்து, ஒரு விளக்கை அவரே மினுக்கித் தந்தார். தவறாக விளங்கிக்கொண்டு செய்த உதவிதான். ஆனால் அந்த நாளில் என்னருகே வந்து குந்தியது அவர் ஒருவர்தான்.

பதினொன்றே காலுக்கு இரண்டு விளக்குகளும் புதுக் கண்ணாடிபோல இருந்தன. விளக்கைப் போட்டுவிட்டு, வீதி முனைவரை நடந்துபோய் நின்று பார்த்தேன். தெரிந்தது, இரண்டும் ஒருமாதிரி எரிந்தன. திரும்பிவந்து காரில் ஏறி நகரத்துப் பெருவீதிக்கு எடுத்தேன். எங்கே போகிறேன் என்ற எண்ணம் இல்லை. கால் தானாகவே நடை வேகத்தில் பிடித்துக்கொண்டது. கொஞ்சத் தூரத்தில் கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு பதினைந்து கார்கள், முந்த முடியாத ஒற்றைப் பாதையில், ஒவ்வொன்றிலும் இரண்டு விளக்கு. இந்த ஊரில் யாரும் ஹோர்ன் அடிக்கமாட்டார்கள். எல்லோரும் அமைதியாக, பொறுமையாக, என் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு இவ்வளவு சனம் வந்திருக்கிறதே என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். பிறகு, அவர்களுக்கெல்லாம் போக வேறு இடம் இருக்கும் என்று தோன்றியது. பஸ் நிறுத்தத்தில் ஓரங்கட்டினேன். இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு வீதியோரத்தில் நின்றேன். ஒவ்வொரு காராக என்னைக் கடந்து போயிற்று. முன் பின் தெரியாத ஒருவருடைய செத்தவீடு கடக்கும்போது ஊரில் எப்படி நிற்போமோ அப்படித்தான் நின்றேன்.

அந்த நேரத்தில் அங்கே நடந்ததை மாலையில் ஹனிபா நானா சொன்னார். பற்பசை போட்டுத் தேய்த்து மினுக்கிய விளக்குகளைப் போட்டுக்கொண்டு அவருடைய வேன் முன்னால் போயிருக்கிறது. மஹியாவைக்குத் திரும்பும் இடத்துச் சோதனைச் சாவடியில் மறித்திருக்கிறார்கள். இப்போது செத்தவீட்டு வண்டியையும் பார்த்துத்தான் விடுகிறார்களாம், காலம் அப்படி. பெட்டியைத் திறந்து, துணியை விலக்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்கள். "பொய்ய நம்பி விட்டாங்க தம்பி அன்னைக்கு. இன்னைக்கு உண்மையத் தொறந்து பாத்தாங்க," என்றார் ஹனிபா நானா.

இது எதுவும் தெரியாமல் நான் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாக் கார்களும் போய்விட்டன. என் கார் மட்டும் எஞ்சின் நிறுத்தியபடி, விளக்கு எரிய நின்றது. எதிர்த்திசையில் வந்த ஒரு பெண் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். உதவி தேவையா என்று கேட்டார். தேவையில்லை என்றேன். போகத் தொடங்கியவர் மறுபடி நிறுத்தினார்.

"உங்கள் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. இப்படியே விட்டால் பாட்டரி இறங்கிவிடும், பிறகு வீட்டுக்குப் போக முடியாது," என்றார்.

மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொன்று ஐம்பது. பெரியப்பாவின் மகன் இன்னும் கொள்ளி வைத்திருக்கமாட்டார்.

"தெரியும்," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்."